வடிகட்டி இல்லாத பை

போன மாதம் என் பழைய வார்டில் ஒரு விருந்து வைத்தார்கள். வேலையை விட்டுப் போனவர்களைக் கூப்பிட்டு, மீ கோரெங்கும் கறிபாப்பும் கொடுத்து, பழைய கதை கேட்கிற விருந்து. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு நர்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டிரான்ஸ்பிளாண்ட்னா என்னமோ ஏதோன்னு நெனச்சேன் சிஸ்டர். பார்த்தா ரத்தப் பை மாட்டுற மாதிரிதான் இருக்கு. போர் லா" என்றாள்.

கறிபாப்பைத் தட்டில் வைத்துவிட்டு அவளைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். பக்கத்து மேசையில் பேச்சு நின்றுபோனது. இப்போது வார்டைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் வந்து, "திட்டுனது போதும். அதையே எழுதிக் குடுங்க, புதுசா வர்றவங்க படிக்கட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும்.

நான் பகாவ் டவுனுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சின்ன மாதா கோயிலில் பூசை, மற்ற நாள் பள்ளிக்கூடம். எஸ்பிஎம் பரீட்சை முடித்தேன், நர்ஸ் படிப்புக்கு எழுதிப்போட்டேன், கிடைத்தது. படித்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரித்தேன், திட்டு வாங்கினேன், ஊசி போடக் கற்றுக்கொண்டேன்.

பிறகு சிரம்பானில் பகல் வார்டில் போட்டார்கள். தலசீமியா பிள்ளைகள் ரத்தம் ஏற்றிக்கொள்ள வருகிற வார்டு. எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜைதான் நம் உடம்புக்கு ரத்தம் செய்கிறது. இந்தப் பிள்ளைகளின் மஜ்ஜை செய்கிற ரத்தம் நிற்காது, உடைந்துபோகும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு குறையை உடம்பில் வைத்துக்கொண்டு, அது இருப்பதே தெரியாமல் நன்றாக வேலை செய்துகொண்டிருப்பார்கள். இரண்டு குறையும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால் அந்தப் பிள்ளை மாதாமாதம் யாரோ ஒருவருடைய ரத்தத்தில்தான் வாழ வேண்டும். அதோடு விடுவதில்லை. ஏற்றுகிற ரத்தத்தில் இருக்கிற இரும்பு ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படிந்துவிடும். அதை எடுக்க வயிற்றில் ஊசி குத்தி, சின்ன பம்ப்பைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும்.

தர்ஷினி அங்கே வரத் தொடங்கியபோது அவளுக்கு ஒரு வயது இருக்கும். அப்பா மணியம் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். அம்மா செல்வி. பிள்ளை வெளுத்துப்போய், வயிறு மட்டும் உப்பி இருந்தது. தோட்டத்துக் கிளினிக்கில் இரும்புச் சத்து மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரத்தம் கம்மி என்றதும் லயத்து வீடுகளில் இருந்த எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்ல, செல்வி ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையும் மசித்து மசித்து ஊட்டியிருக்கிறாள். இரும்பு ஏறிச் சாகிற பிள்ளைக்கு மேலும் இரும்பு. நான் கத்தினேன். செல்வி அழவில்லை. "அப்ப என்னதான் மிஸ்ஸி குடுக்குறது? அதையாவது சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஏழு வருடம் அந்தக் குடும்பம் மாதாமாதம் பஸ் ஏறி வந்தது. பிறகு என்னைக் கோலாலம்பூருக்கு மாற்றினார்கள், மஜ்ஜை மாற்று வார்டுக்கு. கொஞ்ச நாளில் தர்ஷினியையும் அங்கே அனுப்பினார்கள். பொருந்துகிற மஜ்ஜை கிடைத்தால், அவளுடையதை அழித்துவிட்டு அதை வைக்கலாம். அதற்குப் பிறகு ரத்தம் வேண்டாம், பம்ப் வேண்டாம். பொருந்தாவிட்டால் பழையபடிதான். இதயம் தாங்குகிறவரை.

அந்த வார்டின் தலைமை டாக்டர் ஓங். குள்ளமான சீனப் பெண்மணி. வருடம் முழுக்க ஒரே பழுப்புச் செருப்பு. கதவுக் கைப்பிடியைக் கையால் தொட மாட்டார், முழங்கையால்தான் திறப்பார். பிஸ்கட்டை நின்றுகொண்டே தின்பார். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் உட்காருவார், அதுவும் கட்டிலில் ஏற வைத்திருக்கிற குட்டை முக்காலியில். எதிரில் இருப்பவர் இவரைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். "பயப்படாதீங்க" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்றைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். நாம் ஏதாவது பேசி அந்த அமைதியை உடைக்கப் போனால் முறைப்பார். முதல் வருடம் எனக்கு அவரைக் கண்டால் ஆகாது.

தர்ஷினிக்குக் கூடப் பிறந்தது ஒரே அண்ணன். அவனுக்குப் பொருந்தவில்லை. மணியத்திடம் சொன்னபோது தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒரு வேன் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள், பெரிசும் சிறிசுமாக.

"யார் இவங்க?" என்று டாக்டர் ஓங் மலாயில் கேட்டார்.

"நம்ம பிள்ளைங்கதான் டாக்டர். எல்லாருக்கும் எடுத்துப் பாருங்க."

"உங்களுக்கு ரெண்டு பிள்ளைன்னு சொன்னீங்க."

"எனக்கு ரெண்டு. அண்ணனுக்கு மத்தது. ஒரே வீடு, ஒரே சட்டி. நாங்க பிரிச்சுப் பார்க்கிறதில்ல."

கூடப் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் சோதனை. பெரியப்பா பிள்ளைகள் பொருந்துவது அபூர்வம், அதற்கெல்லாம் செலவழிக்க மாட்டார்கள். திருப்பி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். டாக்டர் ஓங் அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மணியத்தை உள்ளே கூப்பிட்டு, யாருக்கு யார் என்ன உறவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வெள்ளைப் பலகையில் கோடு போட்டார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. என்ன வரப்போகிறது என்று தெரியும். மணியமும் அவர் அண்ணனும் சொந்த அக்காவின் மகள்கள் இருவரைக் கட்டியிருந்தார்கள். மாமன் மகளைக் கட்டுவதும் அக்காள் மகளைக் கட்டுவதும் நம் ஆட்களிடம் காலங்காலமாக இருப்பது. டவுன் ஆஸ்பத்திரிகளில் எத்தனை பேர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் ஆட்கள் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும் என்று. சொன்னது பொய்யில்லை. சொன்ன விதம்தான் எரிச்சல். அன்றும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

பலகையில் கோடுகள் கிளம்பிய இடத்துக்கே திரும்பித் திரும்பி வந்தன. டாக்டர் ஓங் மார்க்கரை மூடினார். "இந்தப் பிள்ளைங்க பாதி அண்ணன் தங்கச்சி மாதிரிதான்" என்றார். "எல்லாருக்கும் ரத்தம் எடு, ஸ்டெல்லா. மேலிடத்துல நான் பேசிக்கிறேன்."

அண்ணன் மகள் ரூபிணிக்குப் பொருந்தியது. முழுசாகப் பொருந்தியது.

அந்தக் கோடுகளை அன்று சாயந்திரம் அழிக்க எனக்கு மனசு வரவில்லை. எந்த வழியாக நோய் வந்ததோ, அதே வழியாக மருந்தும் வந்து நின்றது. அதை யாரும் செய்யவில்லை. தாத்தா பாட்டி காலத்தில் யாரோ பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ரூபிணிக்கு இருபத்திரண்டு வயது. செனாவாங்கில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, மோட்டாரில் போய் வருவாள். வாய் துடுக்கு. சிரம்பான் பக்கத்து ராசாவில் ஒரு குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள், பரிசமும் போட்டாயிற்று. இந்த முறை வெளிச் சம்பந்தம். மாமியாராகப் போகிற அம்மா விஷயம் கேள்விப்பட்டு, மறுவாரமே ஆஸ்பத்திரி கேண்டீனில் வந்து நின்றார். நான் அடுத்த மேசையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இடுப்பெலும்புல ஓட்டை போடுவாங்களாம்ல? அப்புறம் அந்த இடுப்புல என் பேரன் எப்படித் தங்குவான்?"

"டாக்டர் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க சம்பந்தி" என்றார் மணியம்.

"டாக்டரு சொல்லுவாரு. நாளைக்கு இவ நிமிர முடியாம கெடந்தா டாக்டரா வந்து வீடு கூட்டுவாரு? உங்க பிள்ளைய நான் கொறை சொல்லல. எங்க வீட்டுக்கு வர்ற பிள்ளைமேல கை வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்."

"இன்னும் வரலயே அத்தை, வந்தப்புறம் கூட்டுறேன்" என்றாள் ரூபிணி.

"பாத்தீங்களா வாய."

ரூபிணியின் அம்மா அவள் தொடையில் கிள்ளினார். செல்வி ரூபிணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. பாதி டீயோடு எழுந்துவிட்டேன்.

இந்தக் காலத்தில் கொடுப்பவருக்கு என்று தனி டாக்டர் இருக்கிறார். அப்போது எங்களுக்கு டாக்டர் ஓங் ஒருவர்தான். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கொடுப்பவரைத் தனியாக ஒரு அறையில் உட்காரவைத்துப் பேசுவார். குடும்பத்தில் ஒருவர்கூட அந்தத் தாழ்வாரத்திலேயே இருக்கக் கூடாது. ரூபிணி நன்றாக மலாய் பேசுவாள். இருந்தாலும் என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். "வீட்டுல அவ திட்டு வாங்குற பாஷையில கேட்டாத்தான் உண்மையான பதில் வரும்" என்றார்.

முக்காலியில் உட்கார்ந்தார். எப்படி எடுப்போம், எத்தனை நாள் வலிக்கும், மயக்க மருந்தில் என்ன ஆபத்து எல்லாம் சொன்னார். எடுத்த மஜ்ஜை சில வாரத்தில் திரும்ப ஊறிவிடும், பிள்ளை பெறுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். ரூபிணி கேட்டுக்கொண்டாள். பிறகு டாக்டர் ஓங் சொன்னதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. என் வேலையில் என் வாயிலிருந்து வந்ததிலேயே கஷ்டமான வார்த்தைகள் அவை.

"உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லு. நான் வெளிய போயி, ரூபிணி ரத்தத்த மறுபடியும் பார்த்தோம், சரிப்பட்டு வராதுன்னு சொல்லிடுவேன். யாருக்கும் தெரியாது. உன் சித்திக்கும் தெரியாது. இந்த ரூமுல நாம மூணு பேரு, அவ்வளவுதான்."

ஏழு வருடம் அந்தப் பிள்ளையின் கையில் நரம்பு தேடியவள் நான். இதை மாற்றிச் சொல்ல நாக்கு துடித்தது. மாற்றவில்லை. ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

ரூபிணி சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.  

"நான் குடுக்கலன்னா தர்ஷி செத்துடுவாளா?"

"இப்ப இல்ல. ரத்தம் ஏத்திக்கிட்டு இருப்பா. அப்புறம் என்னைக்கோ ஒரு நாள் இதயம் நிக்கும். எப்பன்னு எனக்குத் தெரியாது. அவகிட்டயும் நான் பொய் சொல்லல, உன்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"எனக்கு ஊசின்னாலே பயம் மிஸ்ஸி" என்றாள் என்னிடம். துடுக்கெல்லாம் போயிருந்தது. "பொருந்தலன்னு சொன்னா சித்தி நம்பிடும். தர்ஷி நம்ப மாட்டா. அது என் மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிரும்."

"ஒரு வாரம் யோசி" என்றார் டாக்டர் ஓங். "வரலன்னா, சரிப்பட்டு வரலன்னு நான் சொல்லிக்கிறேன். வந்தா, மறுபடியும் இதையேதான் கேப்பேன்."

அவள் போனபிறகு நான் கதவைச் சாத்தினேன். "நீங்களே ஒரு பிள்ளைய அள்ளிக் குப்பையில போடுறீங்க" என்றேன். தலைமை டாக்டரிடம் ஒரு நர்ஸ் பேசுகிற பேச்சில்லை அது. அவர் கோபப்படவில்லை. "தப்பிக்க வழியில்லாம வந்து படுத்தா அது குடுக்கிறது இல்ல ஸ்டெல்லா. நாம எடுத்துக்கிறது. அத நான் செய்ய மாட்டேன்" என்றார். பாக்கெட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார். தின்னாமல் திரும்ப வைத்துவிட்டார். அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரம் தர்ஷினி ரத்தம் ஏற்றிக்கொள்ள வந்தாள். செல்வி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ரூபிணி என்ன சொல்லுச்சு மிஸ்ஸி?" என்று கேட்டாள். டாக்டர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். பைக்கு வடிகட்டி பொருத்தினேன். தலசீமியா பிள்ளைக்கு வடிகட்டி இல்லாமல் ரத்தம் ஏற்ற மாட்டோம். கொடுத்தவருடைய வெள்ளை அணுக்கள் அதில் தங்கிவிடும், சிவப்பு மட்டும் இறங்கும். ஊர் பேர் தெரியாத ஒருவருடைய ரத்தம். அது சொட்டுச் சொட்டாக இறங்க இறங்க, வெளுத்துக் கிடந்த உதடு சிவந்துகொண்டு வந்தது. ஒரு மாதம் தாங்கும்.

அடுத்த வாரம் காலையில் ரூபிணி வந்தாள். ராத்திரி ஷிப்டு முடிந்து நேராக, கம்பெனி யூனிபார்மோடு, கையில் ஹெல்மெட்டோடு.

"தனியாவா வந்த?"

"இல்ல மிஸ்ஸி. அவரு கீழ மோட்டார்கிட்ட நிக்கிறாரு. ஆஸ்பத்திரி வாசம் புடிச்சா மயக்கம் வரும்னு மேல வரல. இவரு எனக்குத் தைரியம் சொல்ல வந்தாராம்."

"மாமியார்?"

"இடுப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளா அவருகிட்டயும் பேசல, என்கிட்டயும் பேசல. வீடு அமைதியா இருக்காம்."

டாக்டர் ஓங் முக்காலியை இழுத்துப் போட்டு மறுபடியும் கேட்டார். இந்த முறை இன்னும் கடுமையாக. "நாளைக்கு மருந்து ஆரம்பிச்சா உன் தங்கச்சியோட எலும்புக்குள்ள இருக்கிறது எல்லாம் செத்துடும். அதுக்கப்புறம் நீ வரலன்னா அவ செத்துடுவா. அப்ப உனக்கு வழி கிடையாது. இப்ப இருக்கு. இப்ப சொல்லு."

"குடுக்கிறேன்."

"ஏன்?"

ரூபிணி ஹெல்மெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "வேணாம்னு சொல்லலாம்னு நீங்க சொன்னீங்கள்ல. அதுவரைக்கும் எல்லாரும் என்னயத் தள்ளிக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு. ஒருத்தரு முன்னால, ஒருத்தரு பின்னால. அப்புறம் யாருமே இல்ல. தர்ஷி மட்டும்தான் இருந்தா."

இதை நான் டாக்டர் ஓங்குக்கு மலாயில் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள், "புரிஞ்சுருச்சு" என்றார் அவர். அவருக்குத் தமிழ் தெரியாது.

பிறகு நடந்ததை உங்களில் பலர் தினம் பார்க்கிறீர்கள். காற்றை வடிகட்டி அனுப்புகிற அறையில் தர்ஷினியை வைத்தோம். மருந்து ஏறியது. முடி கொத்தாக விழுந்தது. வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியவில்லை. நல்ல மருந்து போட்டு ஒரு பிள்ளையைச் சாவின் வாசல்வரை நாமே கொண்டுபோய் நிறுத்துகிறோம். இதை மறந்துவிட்டு அந்த அறைக்குள் போகாதீர்கள்.

மஜ்ஜை ஏற்றுகிற நாள் காலை ஆபரேஷன் அறையில் ரூபிணியைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பின் பின்பக்கத்து எலும்பில் ஊசியை இறக்கி உறிஞ்சினார்கள். மறுபடி மறுபடி உறிஞ்சினார்கள். பையை நான்தான் வாங்கினேன். லிப்டில் எனக்கு முன்னால் ஒரு ஆள் சாப்பாட்டு வண்டியோடு நின்றார். "என்ன மிஸ்ஸி, ரத்தமா?" என்றார். ஆமாம் என்றேன். என் கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. ரத்தத்தைவிடக் கறுத்த சிவப்பு, மேலே பொட்டுப் பொட்டாகக் கொழுப்பு மிதந்தது.

அதற்கு வடிகட்டி கிடையாது. வருடக்கணக்காக இந்தப் பிள்ளைக்கு எந்தப் பையை மாட்டினாலும் வடிகட்டி போட்ட கை இது. அன்று வடிகட்டி இல்லாத குழாயைப் பொருத்தினேன். வடிகட்டி போட்டால் நமக்கு வேண்டியதெல்லாம் அதிலேயே நின்றுவிடும். இரண்டு பேர் சேர்ந்து பெயரைப் படித்துச் சரிபார்த்தோம். திறந்துவிட்டேன்.

போர் என்று சொன்ன பெண்ணே, இதைக் கேள். அந்தப் பை கழுத்துக்குக் கீழே ஒரு நரம்புக்குள் இறங்குகிறது. எலும்புக்குள் நாம் எதையும் வைப்பதில்லை. யாரும் அதற்கு வழி சொல்வதில்லை. ரத்தத்தோடு ரத்தமாக இதயத்துக்குப் போகிறது, நுரையீரலைச் சுற்றுகிறது, உடம்பெல்லாம் அலைகிறது. கடைசியில் எலும்பு எங்கே என்று அதுவே கண்டுபிடித்து, உள்ளே போய், காலியாகக் கிடக்கிற வீட்டில் உட்கார்ந்து வேலையை ஆரம்பிக்கிறது. டாக்டர் ஓங்கிடம் எப்படி என்று கேட்டேன். ஏதேதோ பெயர்கள் சொன்னார், ஒன்று இன்னொன்றை இழுக்கிறது என்றார். பிறகு, "அதோட பேரு தெரியும். இத்தனை வருஷமாகியும் எனக்கு இன்னும் நம்ப முடியல" என்றார். நாங்கள் இரண்டு பேரும் மற்ற வேலையை விட்டுவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பூசையில் நிற்கிற மாதிரி நின்றோம்.

அப்புறம் காத்திருப்பு. ஒவ்வொரு காலையும் டாக்டர் ஓங் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைக் கண்ணாடிக் கதவில் மார்க்கரால் எழுதுவார். சைபர். மறுநாளும் சைபர். நடுவில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் பிள்ளை கண் திறக்கவில்லை. செல்வி கதவுக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ரூபிணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து, சைபரைப் பார்த்துவிட்டு, "என்னோடது சோம்பேறி சித்தி. எழுந்திரிக்க நேரமாகும்" என்றாள். செல்வி அத்தனை நாளில் அன்றுதான் சிரித்தாள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஒரு காலை டாக்டர் ஓங் மார்க்கரை எடுத்து, சைபருக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து, ஒன்று என்று எழுதினார். எழுதிவிட்டு முழங்கையால் கதவைத் திறக்க மறந்து கையால் திறந்தார். திரும்பப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

தர்ஷினி பிறந்தபோது பி குரூப். பல மாதம் கழித்துப் பார்த்தபோது ஓ. ரூபிணியின் குரூப். அதற்குப் பிறகு அவளுக்கு ரத்தப் பை தேவைப்படவில்லை. இப்போது அப்பாவுடைய பாதிப் பொருத்தத்திலேயே செய்கிறார்கள், பிள்ளையின் சொந்த அணுவையே எடுத்துத் திருத்தி வைக்கப்போகிறோம் என்கிறார்கள். நல்லது. செய்யுங்கள். வேன் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு இன்னொரு மணியம் வர வேண்டாம். ஆனால் பையை மாட்டும்போது கை கொஞ்சம் நடுங்க வேண்டும். நடுங்கவில்லை என்றால் வேறு வார்டு கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்று ராசாவில் குடிவந்த பிறகு ஒரு நாள் தர்ஷினி போன் செய்தாள். ரூபிணிக்கு இரண்டாவது பிரசவம், ரத்தம் நிறையப் போய்விட்டதாம். ஓடினேன். தர்ஷினி, இப்போது என்னைவிட உயரம், ரத்த வங்கி வாசலில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மஜ்ஜை மாற்றியவரிடம் ரத்தம் எடுக்கக் கூடாது. அந்த ஆள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது என்னோட ரத்தமே இல்ல அங்கிள். அவளோடது. அவளுக்கே திருப்பிக் குடுக்கச் சொல்றேன், அதுக்கு என்ன ரூல்?"

எனக்குத் தெரிந்த எல்லாத் திட்டையும் திட்டி அவளை வார்டுக்கு இழுத்துப்போனேன். ரூபிணிக்குத் தேவையான ரத்தம் ஏற்கனவே ஏறிக்கொண்டிருந்தது, யாரோ கொடுத்தது. பக்கத்து நாற்காலியில் மாமியார் பேரனை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பிள்ளையைத் தொட விடாமல் உட்கார்ந்திருந்தார். தர்ஷினி சுருட்டிய கையை இறக்காமலே கட்டிலருகில் போய் நின்றாள். ரத்த வங்கியில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று அழுதாள்.

ரூபிணி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"நீயே வச்சுக்கடி" என்றாள். "எனக்கு இங்க ஊறும்."